ரேம் பழுதா, மதர்போர்டு பழுதா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டுக் கொம்பியூட்டர்களைத் திருத்துவது என் தொழில். வருகிறவர்களில் பலர் வாசலிலேயே நோயையும் மருந்தையும் சொல்லிவிடுவார்கள்: "தம்பி, விண்டோஸ் பழுதாப் போச்சு, திருப்பி ஏத்தித் தாங்கோ." சிலர் மதர்போர்டே போய்விட்டதென்று முடிவுகட்டிப் புதியதற்கு விலை கேட்பார்கள். ரேமைச் சந்தேகிப்பவர் குறைவு. ரேம் கெட்டால் கொம்பியூட்டர் அதை நேராகச் சொல்லாது. நீலத் திரை வரும், ஒவ்வொரு முறையும் வேறு காரணம் காட்டும். விண்டோஸ் ஏற்றும்போது பாதியில் நிற்கும். இறக்கிய கோப்பு திறக்காது. மறுபடி இறக்கினால் திறக்கும்.

ஒரு வரிக்கணக்குக் காலத்தில், ஏப்ரல் 30 நெருங்கும்போது, வீட்டிலிருந்தே மற்றவர்களுக்குக் கணக்குச் செய்து கொடுக்கும் அக்கா ஒருவர் தன் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார். "ஒரு நாள் ஒழுங்கா ஓடுது தம்பி, அடுத்த நாள் கழுத்தறுக்குது. சேமிச்ச பைல் திறக்குதில்லை." விண்டோஸை ஏற்கனவே வேறொருவர் திரும்ப ஏற்றியிருந்தார். திறந்து பார்த்தேன். இரண்டு ரேம், இரண்டு வேறு கம்பனி; ஒன்று பிறகு வாங்கிப் போட்டது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை யூஎஸ்பியில் போட்டு, விண்டோஸுக்குப் போகாமல் நேராக அதிலிருந்தே இயக்கி, இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். அவற்றின் முகவரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன.

அந்த "ஒரே இடம்" ஏன் முக்கியம் என்பதை விளக்கியது இந்த நகரத்தின் ஆராய்ச்சி. நான் உதிரிப்பாகம் வாங்கப் போகும் கொலிஜ் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்திலேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கணினித் துறை இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த இருவரோடு சேர்ந்து, கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் பதிவான ரேம் பிழைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார். அதுவரை பலரும் நம்பியது வேறு. 1970களின் இறுதியில், சில்லைப் பொதியும் பொருளில் இருந்த கதிரியக்கத் துகள்கள் நினைவகத்தின் பிட்டுகளை மாற்றிவிடுவதை இன்டெல் பொறியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் இதைச் செய்யும். ஆகவே ரேம் பிழை தற்செயலாக வரும், ஒருமுறை வந்து போகும், ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது.

கூகுளின் பதிவுகள் வேறு கதை சொல்லின. ஓராண்டில் ரேம் பலகைகளில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை பிழை காட்டின. இயந்திரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு பிழையையாவது சந்தித்தது. ஒருமுறை பிழை காட்டிய பலகை அதே மாதத்தில் மறுபடி காட்டும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. பலரும் பழி போடும் சூட்டின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. வயதாக ஆகப் பிழைகள் கூடின. 2012இல் ஷ்ரோடரும் அவர் குழுவும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சைநெட் என்ற கணினி மையத்தின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, பிழைகளில் பெரும்பகுதி அதே முகவரியில் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்கள். அதாவது, சில்லுக்குள்ளே நிரந்தரமான காயம். நல்ல சேதி என்னவென்றால், திரும்பி வருகிற பழுதைப் பிடித்துவிடலாம்.

சர்வர்களில் இந்தப் பிழைகளைக் கண்டு திருத்தும் ஈசிசி ரேம் இருக்கும். நம் வீட்டு டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. தவறிய பிட் அப்படியே கோப்புக்குள் போய் உட்காரும். பிள்ளையின் பிறந்தநாள் படமோ, ஒருவருடைய வரிக்கணக்கோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் இந்தப் பழுதை நான் இவ்வளவு பாரதூரமாக எடுக்கிறேன்.

நீங்களே சோதிப்பதென்றால், ரேமில் கை வைக்குமுன் பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சை அணைத்து, வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். ரொறன்ரோவின் குளிர்காலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும். கார்ப்பெட்டில் நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறதே, அந்த மின்சாரம் ரேம் சில்லைக் கெடுத்துவிடலாம். பெயின்ட் பூசாத கேஸ் இரும்பைத் தொட்டுவிட்டே ரேமைத் தொடுங்கள். ஜனவரியில் நான் அடிக்கடி தொடுவேன்.

பிறகு எல்லா ரேமையும் கழற்றி ஒன்றை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் முதலில் நிரப்ப வேண்டியது. போர்டின் கையேட்டில் படம் இருக்கும். இரண்டு பக்கமும் க்ளிக் என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பாதி இறங்கிய ரேமால் உயிர் வராமல் என்னிடம் வந்த கொம்பியூட்டர்கள் நிறைய. பொன்னிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் தேய்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது; பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரோபைல் அல்ககோல் போதும். பயோஸில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று இருப்பதை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ரேமையும் தனித்தனியே மெம்டெஸ்டில் சோதியுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் அதைப் போட்டால்தான் வரும். அந்த வேகத்தை எல்லாப் போர்டும் தாங்காது. அணைத்தவுடன் பிழை நின்றால் ரேமைத் தூக்கி எறிய வேண்டாம், கொஞ்சம் மெதுவாக ஓடட்டும்.

புதிய டிடிஆர்5 போர்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றி முதன்முறை போடும்போது போர்டில் டிராம் (DRAM) என்று எழுதிய விளக்கு எரிய, திரை கறுப்பாகச் சில நிமிடம் கிடக்கும். போர்டு ரேமோடு நேரங்களைச் சரிபார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

அக்காவின் கேள்வி, "அப்ப மதர்போர்டோ?" என்பது. இதற்குப் பதில் மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. பிழை காட்டிய ரேமை வேறு ஸ்லாட்டில் போடுங்கள். பிழையும் கூடவே போனால் ரேம்தான் குற்றவாளி. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டையோ பிராசஸரையோ பாருங்கள். இன்றைய கொம்பியூட்டர்களில் ரேமை ஆளும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003இலும், டெஸ்க்டாப்பில் இன்டெல் 2008இலும் அதை அங்கே கொண்டுபோய்விட்டன. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரை ஒருபக்கமாக முறுக்கியிருந்தாலும் ஒரு பக்க ரேம் காணாமல் போகும். அக்காவின் கொம்பியூட்டரில் பிழை ரேமோடு போனது. பிறகு வாங்கிப் போட்டதுதான். மதர்போர்டு சுகமாக இருந்தது.

பல கம்பனிகள் ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதம் கொடுக்கின்றன, பழையதென்று குப்பையில் போடாதீர்கள். 2025இன் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் விலை கடுமையாக ஏறியிருக்கிறது; அந்த உத்தரவாதத்துக்கு இப்போது காசு மதிப்பு இருக்கிறது. ஜோடியாக வாங்கியதென்றால் சில கம்பனிகள் இரண்டையும் திருப்பிக் கேட்கும், முதலிலேயே விசாரியுங்கள். மாற்றாக வரும் ரேமையும் ஒரு இரவு மெம்டெஸ்டில் ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லையென்று கண்ட பிறகே, பழுது இருந்த நாட்களில் சேமித்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.