சொதி திரையாமல் இருக்க: தியானம் பழக்கத்தை எப்படி மாற்றுகிறது?

வேலணையில் என் பெரியம்மாவின் அடுப்படி. சொதிக்கு முதலில் இரண்டாம் பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் அவியும். பிறகு நெருப்பைக் குறைத்து முதற்பாலை விடுவார். அதற்குப் பிறகு அவர் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். அகப்பையால் பாலை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே, விளிம்பில் நுரை கட்டுகிறதா என்று பார்த்தபடி நிற்பார். கவனம் தப்பினால் சொதி திரைந்துவிடும்.

நம் கோபமும் இப்படித்தான் திரைகிறது. தியானம் அதற்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதலில், பழக்கம் எப்படி உண்டாகிறது? தோட்டத்தில் தண்ணீர் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வாய்க்காலில் நாள்தோறும் பாய்ந்தால் அது ஆழமாகும். ஆழமானதும் தண்ணீர் தானாகவே அந்தப் பக்கம் ஓடும். மூளையிலும் இதே கதைதான். ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதற்கான நரம்புத் தொடர்புகள் வலுக்கின்றன. பிறகு மூளையின் ஆழத்திலுள்ள பேசல் காங்கிலியா என்னும் பகுதி, நம் யோசனைக்குக் காத்திராமல் அந்த வேலையை நடத்திவிடுகிறது. வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், பிள்ளை ஏதோ கேட்கிறது, சீறிவிடுகிறேன். பிள்ளையின் கேள்வி மடையைத் திறந்துவிடுகிறது, சீற்றம் பழைய வாய்க்காலில் பாய்கிறது.

இனித் தியானம். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்கு நுனியில் மூச்சு போய்வருவதைக் கவனிக்கிறோம். மனம் ஓடிவிடும். ஓடியது தெரிந்ததும் மறுபடி மூச்சுக்கு வருகிறோம். இந்த இடத்தில்தான் பலர் "எனக்குத் தியானம் சரிவராது" என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கவலை. ஓடிய மனத்தைக் கண்டு திரும்பிவருவதுதானே பயிற்சி! ஒவ்வொரு திரும்பலும் அகப்பையால் ஒருமுறை அள்ளி ஊற்றுவது.

இப்படிச் சில வாரம் பழகினால், நுரை கட்டும்போதே தெரியத் தொடங்கும். தாடை இறுகும், காது சுடும், மூச்சு மேலே ஏறும். அப்போது என்ன செய்வது? குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறியவர்களுக்கு இது தெரியும்: அலை தூக்கும், பிறகு இறக்கும், நாம் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட், போதைப் பழக்கத்தின் உந்துதலையும் அலையாகப் பார்த்துக் கடக்கக் கற்றுக்கொடுத்தார். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 88 புகைப்பவர்கள் கலந்துகொண்டார்கள். 17ஆம் வாரக் கணக்கெடுப்பில், இப்படிக் கவனிக்கப் பழகியோரில் 31 வீதத்தினர் புகைக்காமல் இருந்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றோரில் 6 வீதத்தினர்தான்.

ஆனால் கவனிப்பது மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். அலை இறங்கியதும் மண்வெட்டியை எடுத்துப் பழைய வாயை அடைத்து, புது வாய் வெட்ட வேண்டும். நான் வெட்டியது சின்ன வாய்தான்: வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் கால்முகம் கழுவுவது, பிறகு பிள்ளையோடு பேசுவது. இலண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. பழைய வாய்க்கால் தூர்ந்தும் போகாது. களைத்த நாளில் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தால், மறுநாள் மறுபடி அடைக்க வேண்டியதுதான்.

கோபத்தைத் தணிப்பது நம் ஊருக்குப் பழைய கதைதான். நயினாதீவோடு சேர்த்துச் சொல்லப்படும் மகாவம்சக் கதையிலும், மணி ஆசனத்துக்காகப் போருக்கு நின்ற இரண்டு நாக அரசர்களைப் புத்தர்தான் தணிக்கிறார். நம் காலத்தில் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, மந்திரம் சொல்லுதல் போன்ற நம் மரபு முறைகளைச் சிகிச்சையில் சேர்த்தார். தியானத்தில் மனத்தை நிறுத்த அவரவர் சமயச் சொல்லே போதும். சைவருக்கு ஓம், ஊர்காவற்றுறையில் செபமாலை உருட்டும் கைகளுக்கும் இது புதிதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: போரையும் இடப்பெயர்வையும் கண்ட சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, நடந்தபடி செய்யலாம். உளவள ஆலோசகர் ஒருவர் துணையிருந்தால் இன்னும் நல்லது.

பெரியம்மா சொதியை இறக்கிய உடனேயும் புளி விடமாட்டார். சட்டி சற்று ஆறும்வரை, பாதி வெட்டிய தேசிக்காயைக் கையில் வைத்தபடி காத்திருப்பார்.