ஹைட்ரஜன் பேருந்தின் உயிர்நாடி ஒரு மெல்லிய சவ்வு: அதை அளப்பது எப்படி?

ஜோர்ஜ்டவுன் – சரவாக், கூச்சிங்கில் 2019இல் ஹைட்ரஜன் பேருந்துகள் ஓடத் தொடங்கின. புகைக்குப் பதில் நீராவிதான் வெளியேறும் என்று படித்திருப்போம். உள்ளே நடப்பதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

எரிபொருள் கலத்தின் நடுவில் பிளாஸ்டிக் தாள் போன்ற பாலிமர் சவ்வு ஒன்று உள்ளது. ஒருபக்கம் ஹைட்ரஜன், புரோட்டான் என்றும் எலெக்ட்ரான் என்றும் பிரிகிறது. சவ்வு புரோட்டானுக்கு மட்டுமே வழிவிடும். எலெக்ட்ரான் கம்பி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றுதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். மறுபக்கத்தில் இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகின்றன.

புரோட்டான் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதே 'கடத்துதிறன்'. சவ்வில் ஒரு துண்டை வெட்டி, பிளாட்டின மின்முனைகளில் பொருத்தி, மின்தடையை அளப்பார்கள். நேர்மின்னோட்டம் கொடுத்தால் புரோட்டான்கள் மின்முனையருகே குவிந்து அளவைக் கெடுத்துவிடும். அதனால் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்தி, சவ்வின் தடையை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள்.

பிறகு வெறும் கணக்குதான். மின்முனைகளுக்கிடையே 1 செ.மீ. தூரம், துண்டின் அகலம் 1 செ.மீ., தடிப்பு 50 மைக்ரோமீட்டர், தடை 2,000 ஓம் என்றால், கடத்துதிறன் செ.மீ.க்கு 0.1 சீமென்ஸ். அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனத்தில் 1960களில் வால்தர் குரோட் உருவாக்கிய 'நாஃபியான்' சவ்வு, நன்கு நனைந்த நிலையில் ஏறக்குறைய இந்த அளவைத் தொடும்.

சிக்கலே அந்த 'நனைந்த' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஈரம் வற்றினால் புரோட்டானுக்கு வழி அடைபடும். ஈரம் ஏறினால் சவ்வு உப்பும். மேற்சொன்ன துண்டு உப்பி 60 மைக்ரோமீட்டர் ஆகியிருந்தால் உண்மை விடை 0.083தான். காய்ந்த தடிப்பைப் போட்டுக் கணக்கிட்டால், இல்லாத திறமை தாளில் வந்துவிடும்! மழைக்காலத்தில் டப்பாவில் உப்பு கசிவதைப் பார்க்கும் பினாங்குவாசிகளுக்கு ஈரப்பதத்தின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைப்பெட்டிக்குள் வைத்தே அளக்க வேண்டும்.

இன்னொன்று. துண்டின் நீளவாக்கில் அளப்பது சுலபம். ஆனால் கலத்துக்குள் புரோட்டான் சவ்வின் குறுக்கேதான் பாய்கிறது. எல்லாச் சவ்விலும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை.

நாஃபியான் விலை கூடியது. அதனால் பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிபொருள் கல ஆய்வாளர்கள், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசனைக் கொண்டும் சவ்வு செய்து பார்த்துள்ளனர். தனிக் கைட்டோசனின் கடத்துதிறன் குறைவு; வேறு பொருள்களைக் கலந்துதான் கூட்ட வேண்டும்.

இத்துறையில் ஆர்வமுள்ள நம் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலேயே வேதிப் பொறியியலும் பொருளறிவியலும் கற்பிக்கப்படுகின்றன. புதிய சவ்வு நாஃபியானை வென்றுவிட்டது என்று எங்காவது படித்தால், எத்தனை பாகை வெப்பத்தில், எவ்வளவு ஈரத்தில், எந்தத் தடிப்பை வைத்து என்று முதலில் கேளுங்கள்.