பாடும் பலகையில் ஓவியம்

யுகுலேலே என்பது கிதாரின் சாயலில் அமைந்த, நான்கு தந்திகளையுடைய, ஹவாய்த் தீவுகளுக்கே உரிய சிறு இசைக்கருவி. அதன் முகப்பாக அமையும் மேற்பலகை, தேர்ந்த கைவினைஞர் செய்யும் கருவிகளில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்பே உடையது. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குத் தருவது அந்த மெல்லிய பலகையே என்பதால், அதன்மேல் தூரிகையை வைக்கும் ஓவியர் படம் தீட்டுவதோடு கருவியின் குரலிலும் கைவைக்கிறார். கையால் செய்த யுகுலேலேக்களை நுண்கலைப் படைப்புகளாக வடிவமைத்துத் தீட்டும் கலையின் அருமையும் இடர்ப்பாடும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கின்றன.

1879 ஆகஸ்டு மாதத்தில், போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கென 400க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலுவை வந்தடைந்தது. அதில் வந்த மானுவல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ ஆகிய மூன்று மரத்தச்சர்கள், தங்கள் ஊரின் சிறுகிதாரை ஹவாயின் கோவா மரத்தில் செய்யத் தொடங்க, அதுவே யுகுலேலேயாக உருப்பெற்றது. ஹவாயின் காலாகவா மன்னர் அதை அரண்மனை விழாக்களில் இடம்பெறச் செய்து சிறப்பித்தார். கோவா நம் வேலமரத்துக்கு உறவான மரம்; பொன்னும் செம்மையும் கலந்த அதன் ரேகைகள், பலகையைத் திருப்பத் திருப்ப ஒளி நகர்வதுபோல் மின்னும். இத்தகைய மரத்தின்மேல் வண்ணம் பூசுவதற்குத் தொடக்ககாலக் கைவினைஞர்கள் மனம் வைக்காததில் வியப்பில்லை. ஒலித்துளையைச் சுற்றியும் பலகையின் ஓரத்திலும் வெவ்வேறு நிற மரச்சீவல்களைப் பதிப்பதோடு அவர்களுடைய அலங்காரம் பெரும்பாலும் நின்றது.

ஓவியம் முழு முகப்பையும் தனதாக்கிக்கொண்ட நிகழ்வுகளுள் புகழ்பெற்றது, 1916 முதல் ஹொனலுலுவில் யுகுலேலே செய்துவந்த சாமுவேல் காமாகாவின் பட்டறையில் நடந்தது. கிதாரைப்போல் இடை ஒடுங்கிய வடிவை விட்டுவிட்டு, இடையே இல்லாத நீள்வட்ட உடலுடன் அவர் ஒரு கருவியைச் செய்தபோது, அதைக் கண்ட ஓவிய நண்பர் ஒருவர் முகப்பு முழுவதையும் அன்னாசிப் பழமாகத் தீட்டிக்கொடுத்தார். அன்னாசித் தோட்டங்கள் நிறைந்த ஹவாயில் அந்த உருவம் உடனே மனத்தில் பதிந்தது. அன்னாசி யுகுலேலே என்ற பெயர் நிலைத்தது. 1928இல் அந்த வடிவமைப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது. இடை ஒடுங்காததால் அதிரும் பரப்பு கூடி ஒலி கனிந்தது, அதே பரப்பு ஓவியருக்கும் தடையற்ற வெளியாக அமைந்தது. வடிவம், ஒலி, படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று நியாயப்படுத்துகின்ற இந்தக் கருவியையே இக்கலையின் அளவுகோலாகக் கொள்வது தகும். அதே காலத்தில் அமெரிக்கப் பெருநிலத்துத் தொழிற்சாலைகள் அச்சுத்தகடு வைத்துப் பனைமரங்களையும் நிலவையும் மலிவான கருவிகளின்மேல் பதித்து ஆயிரக்கணக்கில் விற்றன. அவற்றைச் சேகரிப்போர் இன்றும் உளர் எனினும், எந்தப் பலகைக்கும் பொருந்தும் படம் எந்தப் பலகைக்கும் உரியதாவதில்லை.

இசைக்கருவியும் ஓவியமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததற்கு ஐரோப்பாவில் பழைய சான்று உண்டு. ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைத் தந்திக்கருவியைச் செய்வதில் புகழ்பெற்ற ஹான்ஸ் ருக்கர்ஸ், 1579இல் ஆன்ட்வெர்ப் நகர ஓவியர்களின் சங்கமான புனித லூக்கா சங்கத்தில் உறுப்பினரானார். அவருடைய குடும்பப் பட்டறைக் கருவிகளின் ஒலிப்பலகையில் மலர்களும் பறவைகளும் பூச்சிகளும் நீரில் கரையும் வண்ணத்தால் மிக மெல்லியதாகத் தீட்டப்பட்டிருக்கும். கனமான வண்ணப் பூச்சுகள் ஒலிக்குப் பொறுப்பில்லாத மூடிக்கும் பெட்டிக்கும் ஒதுக்கப்பட்டன.

இன்றைய யுகுலேலே ஓவியருக்கும் அதுவே பாடம். யுகுலேலேயின் தந்திகள் குறைந்த இழுவிசை உடையவை. விரல் தரும் சிற்றாற்றலைத் தடித்த வண்ணப்படலம் விழுங்கிவிட்டால் ஒலி மழுங்கிப்போகும். எண்ணெய் வண்ணம் உலர்வதற்கு நெடுநாள் எடுப்பதோடு காலப்போக்கில் இறுகி வெடிக்கவும் கூடும். ஆதலால் மரத்துக்குள் ஊறும் சாயங்கள், நீர்வண்ணம், மிக நீர்த்த அக்ரிலிக், சூடான எழுதுகோலால் மரத்தைக் கருக்கி வரைதல் ஆகியவை விரும்பப்படுகின்றன. கோவாவை மறைப்பதைவிட, ஸ்ப்ரூஸ், மேப்பிள் போன்ற வெளிறிய மரங்களைத் தேர்வதே முறை. நீர்வண்ணம் பட்டதும் மரத்தின் இழைகள் எழுந்து சொரசொரப்பாகும் என்பதால், தீட்டுவதற்கு முன்பே பலகையை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, எழுந்த இழைகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுவது வழக்கம். படத்தின்மேல் பூசும் லாக்கர் என்ற மெருகுப்பூச்சில் உள்ள கரைப்பான் சில மைகளைக் கரைத்துக் கோடுகளை ஓடவைத்துவிடும். அதே மரத்தின் துண்டொன்றில் முன்னதாகச் சோதித்துப் பார்க்காமல் பலகையில் கைவைப்பவர் பல நாள் உழைப்பை ஒரு நொடியில் இழக்க நேரும்.

வரைவுக்கும் தனி இலக்கணம் உண்டு. பலகையின் நடுவே ஒரு துளை இருக்கிறது; அதைச் சூரியனாகவோ மலரின் நடுவட்டமாகவோ படத்துக்குள் ஏற்றுக்கொள்ளாத ஓவியத்தில் அது ஓட்டையாகவே தெரியும். கருவி சுவரில் தொங்கும்போது படம் நிமிர்ந்து நிற்கும், வாசிக்கும்போதோ பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இரு நிலைகளிலும் பொருள் தருகிற கொடிகள், அலைகள், மீன்கள் போன்றவற்றை ஓவியர்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கழுத்தும் உடலும் சேரும் இடத்தருகே வாசிப்பவரின் நகங்கள் ஓயாமல் உரசுவதால், அங்கே நுணுக்கமான கோடுகளை இடுவது வீண். எல்லாவற்றிலும் முக்கியமான இடம் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி அவற்றின் அதிர்வைப் பலகைக்குக் கடத்தும் மரக்கட்டை. பசை மரத்தோடு மரத்தைத்தான் உறுதியாகப் பிடிக்கும். வண்ணத்தின்மேல் ஒட்டிய குதிரை, தந்தியின் இடைவிடாத இழுப்பில் வண்ணத்தையும் உரித்துக்கொண்டு பெயர்ந்துவிடும். ஆகவே அதன் அடிப்பரப்பை அளந்து, நாடா ஒட்டி மறைத்து, அந்தச் சிறு பகுதியை மட்டும் வெறும் மரமாக விட்டுவைத்தே சுற்றிலும் ஓவியம் தீட்டப்படுகிறது.

வண்ணங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒளியில் வெளிறாதவற்றை நாடவேண்டிய காரணத்தை, அமெரிக்காவில் கிதார் செய்யும் மார்ட்டின் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு யுகுலேலே உணர்த்துகிறது. 1926இல் ரிச்சர்ட் பைர்டின் வடதுருவப் பயணக் குழுவில் இருந்த ரிச்சர்ட் கான்ட்டருக்குச் சொந்தமான அந்தக் கருவியின் உடலெங்கும், தாமஸ் எடிசன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருக்கின்றனர். ஆனால் அவற்றுள் பல மங்கிப்போய்விட்டதால், பிற்காலத்தில் ஆய்வாளர்கள் முயன்றுதான் பெயர்களை அடையாளம் காண வேண்டியதாயிற்று. தாவரச் சாயங்களையும் சாதாரண மைகளையும் விடக் கனிமநிறமிகள் பொதுவாக வெயிலைத் தாங்கி நிற்கும். அவையும் சன்னல் வெளிச்சம் நேரே விழாத இடத்தில், ஈரப்பதம் பெரிதும் ஏறி இறங்காத அறையில் வைத்துப் பேணப்படும்போதே நீடிக்கும். காற்று வறண்டு பலகை சுருங்கி வெடித்தால், வெடிப்பு மரத்தோடு ஓவியத்தையும் பிளந்துகொண்டே ஓடும்.