ஒரு புள்ளியில் பல விண்மீன்கள்

மாசி மாதத்து முன்னிரவில், ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் நின்று தென்திசையை நோக்குவோமாயின், அகத்திய விண்மீனுக்குக் கிழக்கே மற்றொரு சுடரைக் காண்போம். அடிவானத்திற்கு மேல் 25 பாகையளவே அது எழும். ஆலை விளக்குகளின் ஒளி படர்ந்த இரவில் தேடித்தான் காணவேண்டும். மேல்நாட்டார் இதனைக் காமா வெலோரம் என்பர். வெறுங்கண்ணுக்கு இது ஒன்று. இருகண் நோக்கிக்கு இரண்டு. அவற்றுள் ஒளிமிக்கதோ தானே ஓர் இரட்டை.

1871 டிசம்பரில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைக் காணப் புதுக்கோட்டைக்கு வந்த இத்தாலிய வானியலறிஞர் ரெஸ்பிகி, சென்னையில் இவ்விண்மீனை நிறமாலைக்காட்டி வழியே நோக்கினார். வழக்கமான கருங்கோடுகளுக்கு மாறாக ஒளிக்கோடுகள் பளிச்சிட்டன. விண்மீன் வெப்ப வாயுவைக் காற்றாக வாரி இறைக்கிறது என்பது பின்னரே விளங்கிற்று.

விண்மீனை எடைபோடுவது எங்ஙனம்? தனித்ததற்குத் தராசு இல்லை. ஒன்றையொன்று சுற்றும் இணைக்கே உண்டு. இவ்விணை 78½ நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் ஒளியலைகளைக் கொண்டு சுற்றுப்பாதையை அளந்தவர்கள், 2007இல் எடைகளை வெளியிட்டனர்: ஒன்று சூரியனைப்போல் ஏறத்தாழ 28½ மடங்கு, மற்றது 9 மடங்கு. வியப்பு யாதெனில், இன்று இளைத்திருப்பதே பிறப்பில் பருத்தது. தன் மேலுடலைப் பெரும்பாலும் இழந்துவிட்ட அதுவே முதலில் வெடித்து மடியும் எனக் கருதுகின்றனர்.

இரு விண்மீன்களின் காற்றும் மோதுமிடத்தில் எலெக்ட்ரான்கள் பெருவேகம் பெற்று ரேடியோ அலைகளை எழுப்பும். ஆனால் காமா வெலோரத்தில் இணை மிக நெருங்கியிருத்தலின், அடர்ந்த காற்றே அவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. விலகிச் சுற்றும் இணையிலன்றோ மோதலைக் காணலாம்! சிக்னஸ் மண்டலத்து டபிள்யூ.ஆர். 140 அத்தகையது, அதன் சுற்றுக்காலம் ஏறக்குறைய 8 ஆண்டு. விண்மீன்கள் நெருங்கி விலகுந்தோறும் அதன் ரேடியோ ஒலி ஏறி இறங்குகிறது. அமெரிக்க நாட்டில் நெடுந்தொலைவில் பரவி நிற்கும் ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து நோக்கியபோது, மோதுமிடம் வில்போல் வளைந்து, சுற்றுப்பாதையோடு தானும் திரும்பக் கண்டனர். அவ்வில் திரும்பும் போக்கைக் கொண்டே பாதையின் சாய்வைக் கணித்தனர். சாய்வு தெரிந்தாலன்றி நிறமாலை தரும் எடை முழுமை பெறாது.

வானொலிப் பெட்டியில் அலைவரிசையை மாற்றுவதுபோல இங்கும் மாற்றலாம். சிற்றலை காற்றின் உட்புறத்திலிருந்து வரும். நெட்டலை வெளிப்புறத்திலிருந்தே வரும். அந்த நெட்டலைகளுக்கென அமைந்ததே, புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட நம் நாட்டு ரேடியோ தொலைநோக்கி. சிக்னஸ் மண்டலத்துப் பெருவிண்மீன்களை அதுவும் நோக்கியுள்ளது.