கார்ட்டூன் அணிகளின் கோச்

2012 டிசம்பரில் கலர்ஸ் தொலைக்காட்சியில் ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்ற அனிமேஷன் தொடர் தொடங்கியது. மும்பைக் குடிசைப் பகுதிச் சிறுவன் சூரஜ் கிரிக்கெட் வீரனாகிற கதை. அவனுடைய கோச், அப்பா ஷியாம்.

கதையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. இக்கி கஜிவாரா எழுத, நோபொரு கவாசாகி வரைந்து 1966இல் தொடங்கிய படக்கதை ‘கியோஜின் நோ ஹோஷி’. 1968 முதல் 1971 வரை அது தொலைக்காட்சித் தொடராக ஓடியது. விளையாட்டு, பேஸ்பால். போரில் பட்ட காயத்தால் ஆட்டத்தை இழந்த இட்டெட்சு, தன் மகன் ஹியூமாவின் உடம்பில் ஸ்பிரிங் பட்டைகளை மாட்டிவிடுகிறார். கையை நீட்டவே சிறுவன் போராட வேண்டும். பின்னாளில் இட்டெட்சு எதிரணிக்கே கோச்சாகப் போய், மகனை வீழ்த்த வியூகம் வகுக்கிறார்.

இந்தியாவுக்கு வந்தபோது பேஸ்பால் கிரிக்கெட்டானது. ஸ்பிரிங்குக்குப் பதில் சைக்கிள் டியூப் வந்தது. கோபத்தில் சாப்பாட்டு மேசையைக் கவிழ்க்கும் புகழ்பெற்ற காட்சியும், சோற்றை வீணாக்குவதை இங்கே யாரும் ரசிக்கமாட்டார்கள் என்பதால் மாற்றப்பட்டது. அடித்து வளர்க்கும் ஆசான் என்ற படிமத்தின் கூர் சற்றே மழுங்கியது.

எல்லா கோச்சும் இட்டெட்சு அல்லர். 1983இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘கேப்டன் சுபாசா’வில் கோச் ராபர்ட்டோ, கண் கோளாறால் ஆட்டத்தை விட்ட பிரேசில் கால்பந்து வீரர், சுபாசாவின் வீட்டிலேயே தங்கிக் கற்றுத் தருகிறார். 1993இல் தொடங்கிய ‘ஸ்லாம் டங்க்’கில் கூடைப்பந்து கோச் அன்சாய், ஒரு காலத்தில் மாணவர்களை நடுங்க வைத்தவர், இப்போது அதிகம் பேசாத, சாந்தமான முதியவர். பிரெஞ்சுத் தொடரான ‘கேலக்டிக் ஃபுட்பால்’ 2006இல் வந்தது. அதில் பனிக்கிரகமான அகிலியனை விட்டுப் போன ஆர்ச், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து புதிய சிறுவர் அணியைத் திரட்டுகிறார். இவர்களில் பலரும் ஆட்டத்தில் எதையோ இழந்தவர்கள். தங்களுக்குக் கிட்டாததைப் பிள்ளைகளிடம் தேடுவதில்தான் கதையின் இழுபறி இருக்கிறது.

திரைக்கதைக்கும் கோச் தேவை. ஆட்ட விதிகள் தெரியாத குழந்தைக்கு அவற்றை விளக்கும் குரல் அவருடையது. தயாரிப்பாளருக்கும் அவரால் லாபம் உண்டு: பதினொரு பேர் ஓடுவதை வரைய ஏராளமான ஓவியங்கள் தேவை, ஓரமாய் நிற்கும் கோச்சின் முகத்தை ஒரே ஓவியத்தில் நிறுத்தி, வசனத்தால் நேரத்தை நகர்த்தலாம். ஒரு பந்து கையை விட்டுக் கிளம்பி மட்டையைத் தொடுவதற்குள் அரை எபிசோடு கழிவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இந்தியாவிலேயே உருவான தொடர்களில் கோச் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. 2008 முதல் போகோவில் வரும் ‘சோட்டா பீம்’ லட்டு சாப்பிட்டதும் பலம் பெறுகிறான். 2019இல் வெளியான ‘சூப்பர் வி’, விராட் கோலியை 15 வயதுச் சூப்பர் ஹீரோவாகக் காட்டியது. பயிற்சியால் வருகிற திறமையை விட, வாய்த்த சக்திக்கே இவற்றில் முதலிடம்.

அதே கோலி ஆடும் ஐ.பி.எல். அணியின் ஊரான பெங்களூருவில் நடப்பு வேறு. சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்த கோடைக்காலப் பயிற்சி முகாமில்தான் சிறுவன் ராகுல் டிராவிட், முன்னாள் வீரரும் கோச்சுமான கேகி தாராபூரின் கண்ணில் பட்டார். தேசிய கிரிக்கெட் அகாடமியும் 2000இல் இந்த நகரில்தான் தொடங்கப்பட்டது. 2019இல் டிராவிட்டே அதன் தலைவரானார். இன்றைய பயிற்சியில் பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கோச். கூடவே பிசியோ, உடற்தகுதிப் பயிற்சியாளர். ஒருவரின் வெறியை நம்பி நடக்கும் வேலை அல்ல இது.

இத்தனை பேரின் வேலையையும் கார்ட்டூன் ஒரே ஆளின் தலையில் கட்டுகிறது. குழந்தைக்குக் கதை எளிதாகப் புரிகிறது. ஆனால் உடம்பை வதைத்தால்தான் வெற்றி என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. சைக்கிள் டியூப்பால் அதைக் குறைக்க முடிந்ததே தவிர, நீக்க முடியவில்லை.