நிழல் விழாத கோபுரமும் நானூறு வீடுகளும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் உங்களுக்கும் இந்த அநுபவம் ஏற்பட்டிருக்கும். நந்தியைத் தாண்டி, விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி எடுத்த சமயத்தில், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, "ஸார், இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது, தெரியுமோ?" என்று கேட்டிருப்பார்.

என்னையும் ஒருவர் கேட்டார். காலை எட்டு மணி இருக்கும். விமானத்துக்கு மேற்கே, வெயில் படாத இடமாகப் பார்த்துக் குடும்பத்துடன் உட்கார்ந்திருந்தார். அங்கே மட்டும் வெயில் ஏன் படவில்லை என்று அவரும் யோசிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக் கொண்டிருந்த அவருடைய குழந்தைகளும் யோசிக்கவில்லை. கோபுரத்தின் நிழலில் சுகமாகச் சாய்ந்து கொண்டேதான், கோபுரத்துக்கு நிழலே கிடையாது என்று சொல்லிக் கொண்டிருந்தார்!

இதே வரிசையில் இன்னும் இரண்டு கதைகள் உண்டு. உச்சியிலே இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது ஒன்று. உண்மையில் அது பல துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தப்பட்டது. நந்தி வளர்ந்து கொண்டே போயிற்று, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்பது இன்னொன்று. இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தி, கோயில் கட்டிப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நாயக்கர் காலத்தில் வைத்தது.

"என்ன ஐயா, ஒவ்வொன்றாகத் தட்டிக் கொண்டே வருகிறீரே, பாக்கி என்னதான் இருக்கிறது?" என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். பாக்கி இருப்பதுதான் பெரிய ஆச்சரியம்.

யார் கட்டியது?

நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் போய், "இந்தக் கோயிலைக் கட்டியது யார்?" என்று கேட்டிருந்தால், ராஜராஜன் என்ற பதில் கிடைத்திருக்காது. கரிகாலன் தன் நோய் தீருவதற்காகக் கட்டினான் என்று தல புராணம் சொல்லிற்று. காடுவெட்டிச் சோழன் என்று ஒருவர் எழுதினார். விடை என்னவோ அத்தனை காலமும் கோயில் சுவரிலேயே எழுதியிருந்தது. வாசிப்பதற்குத்தான் ஆளில்லை!

1886-ல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டு ஆராய்ச்சியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தஞ்சைச் சுவர்களைப் படித்தார். கட்டியவன் முதலாம் ராஜராஜ சோழன் என்பது உறுதியாயிற்று. தன் 25-ஆவது ஆட்சி ஆண்டில், 275-ஆவது நாளில், அதாவது கி.பி. 1010-ல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான் அரசன். குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைக் கூட விட்டுவிடவில்லை, பாருங்கள்!

உலகத்தின் மற்ற பக்கங்களில் அப்போது என்ன நடந்தது? பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1173-ல். பாரிஸ் நோத்ரதாம் மாதா கோயிலைத் தொடங்கியது 1163-ல். அவற்றுக்கெல்லாம் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே, 200 அடிக்கு மேல் உயர்ந்த கருங்கல் விமானம் இங்கே எழுந்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட ஊரில்? வரப்பில் நடந்தால் காலில் ஒரு கல் தட்டாத நெல் வயல் சீமையில்! கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்து இறங்கியது.

சுவரில் ஒரு பேரேடு

ஆனால் உயரத்தையும் எடையையும் விட என்னை அதிசயிக்க வைத்தது வேறு. அரசன் ஒரு கட்டளை இட்டான்: தான் கொடுத்தவை, தன் அக்காள் குந்தவை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றும் யார் யார் கொடுத்தார்களோ அவர்கள் கொடுத்தவை, எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். அந்த "மற்றும் யார் யார்" என்பதைக் கவனியுங்கள்!

ஒரு விளக்கு அணையாமல் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இந்தக் கணக்கும், ஆடு மாடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. கிராமச் சபைகளிடம் கொடுத்த பணத்துக்கு வட்டி, காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அதுவும் இருக்கிறது. கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறான். கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தட்டார் எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

இவர்களோடு 400 பெண்கள். திருவையாறு, திருவாரூர், பழையாறை, திருமறைக்காடு, நாகப்பட்டினம் முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் பாடலுக்காகக் கொண்டு வந்து, கோயிலைச் சேர்ந்த தெருக்களில் குடியேற்றப் பட்டவர்கள். ஆளுக்கு ஒரு வீடு; வருஷத்துக்கு 100 கலம் நெல். அளக்கும் மரக்காலுக்குப் பெயர் 'ஆடவல்லான்'. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அதில் இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதெல்லாம், நம் தபால்காரர் பார்த்தால் சந்தோஷப்படும்படி எழுதியிருக்கிறது. ஒருத்தி பெயர் சேரமங்கை. ஒருத்தி சோழகுலசுந்தரி. இன்னொருத்தி எடுத்தபாதம், தூக்கிய திருவடியையே பெயராக வைத்துக் கொண்டவள்! ஒருத்தி இறந்தாலோ, ஊரை விட்டுப் போனாலோ, தகுதியுள்ள நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும் என்றும் விதி இருந்தது.

வந்தது அரசனுடைய ஆணையால். வர விருப்பமா என்று அவர்களைக் கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு வார்த்தை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினான் என்று ஆதாரமில்லாத கதை ஒன்றை உலகம் சொல்லிக் கொண்டிருக்கிறதே, வேலை செய்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டினான் ஓர் அரசன் என்ற உண்மைக் கதையை நாம் ஏன் சொல்வதில்லை?

1987-ல் இந்தக் கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2010-ல் ஆயிரமாவது ஆண்டு விழாவில் இங்கே ஆயிரம் நடனக் கலைஞர்கள் சேர்ந்து ஆடினார்கள். எடுத்தபாதம் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

அன்று நான் புறப்படும்போது, நிழல் இல்லை என்று சொன்ன அந்த மனிதரின் பெண் குழந்தை சுவரோரம் நின்று எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக் கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். "மாமா, இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்: "உன்னைப் போலப் பெண்களின் பெயரெல்லாம் இந்தக் கோயிலில் எழுதியிருக்கு, அம்மா. ஆயிரம் வருஷமாச்சு. விரலால் தேய்க்காமல் பார். இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கட்டும்." சட்டென்று கையை எடுத்துக் கொண்டாள். பிறகு அப்பாவிடம் ஓடிப் போய் அதைச் சொன்னாள்.

அடுத்த முறை தஞ்சாவூர் போனால், நேயர்களே, நிழலைத் தேடி வீணாகத் தரையைப் பார்க்க வேண்டாம். சுவரைப் பாருங்கள். கைபடாமல் பாருங்கள்.