லிஸ்ப் செத்த மொழியா?

கணிப்பொறி மொழிகளுள் லிஸ்பைச் செத்த மொழி என்று தள்ளுவோர் நம்மிடையே பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1958இல் ஜான் மெக்கார்த்தி இம்மொழியைத் தொடங்கினார். இதில் கூட்டலைக்கூட (+ 2 3) என்றுதான் எழுதவேண்டும். எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி! உண்மையில், எழுதுவோருக்கு வேறு வடிவம் தரவே அவர் எண்ணியிருந்தார். லிஸ்ப் தொடர்களுக்கு விடை காணும் விதியை லிஸ்பிலேயே தாளில் எழுதினார். அது படிப்பதற்கு மட்டும். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் அதை அப்படியே ஐ.பி.எம். 704 பொறியில் ஏற்றிவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியது! அடைப்புக்குறிகளும் நிலைத்துவிட்டன.

அதுவே நன்மையாயிற்று. நிரலும் பட்டியல், அது கையாளும் செய்தியும் பட்டியல். எனவே நிரலே நிரலை எழுதலாம், மொழியையே வளைக்கலாம். விடுவார்களா? ஆளுக்கொரு கிளைமொழி கண்டார்கள். 1975இல் ஸ்கீம் தோன்றியது. கிளைகளை இணைக்க வந்த காமன் லிஸ்ப் 1994இல் அமெரிக்கத் தேசியத் தரமாயிற்று. 2007இல் குளோஜர் என்று மற்றொன்று! இடையில், லிஸ்புக்கென்றே பொறி கட்டிய நிறுவனங்கள் 1980களின் இறுதியில் சரிந்தன. கூட்டம் சிறுத்தது.

இனி அது பெருங்கூட்டமாகும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதன் கருத்துகள் குடிபெயர்ந்துவிட்டன. பயன் முடிந்த நினைவிடத்தைப் பொறியே மீட்டுக்கொள்ளும் முறை லிஸ்புக்காகப் பிறந்தது. இன்று ஜாவாவிலும் பைத்தானிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. ஈமேக்ஸில் ஆய்வேடு எழுதும் நண்பரும் ஒவ்வொரு விசையழுத்தத்திலும் லிஸ்பைத்தான் இயக்குகிறார்.